இணையவழிப் பாடம் தயாரிக்கப் பல்கலைக்கழக நிதியுதவி: விண்ணப்பம் முதல் இறுதி அறிக்கை வரை

இணையவழிப் பாடப் பொருட்கள் தயாரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆசிரியர்களுக்குத் தரும் நிதியுதவிகள் பெரும்பாலும் சிறிய தொகைகள்தாம். ஆராய்ச்சி நல்கை போல ஆண்டுக்கணக்கில் ஓடாது, இதை வைத்து ஆய்வகம் கட்ட முடியாது. ஆனால் ஒரு செமஸ்டருக்கு உங்கள் வகுப்புப் பளுவைக் கொஞ்சம் குறைக்கும், ஒரு பாட வடிவமைப்பாளரை உங்கள் பக்கத்தில் உட்கார வைக்கும். பணம் வாங்கித் தருவது உண்மையில் நேரத்தைத்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் கேமரா, மைக், மென்பொருள் என்று பட்டியல் போடுகிறவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்குகிறார்கள். விண்ணப்பிக்கிறவர் பக்கத்திலும் இருந்திருக்கிறேன், மதிப்பீட்டுக் குழு மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், இது எந்த வகை நிதி என்று பாருங்கள்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப் பொருட்களை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக 2001-ல் அறிவித்தது. அந்த வேலைக்கு மெல்லன், ஹியூலெட் அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. அடுத்த ஆண்டு யுனெஸ்கோ கூட்டிய ஒரு மன்றத்தில் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் நிலைபெற்றது. தொடக்கத்தில் பெரிய அறக்கட்டளைகள் செய்த காரியத்தைப் பிற்பாடு பல்கலைக்கழகங்கள் சிறிய அளவில் தங்கள் பணத்திலேயே செய்யத் தொடங்கின. ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2011-ல் நூலகத்தின் மூலம் இப்படிச் சிறு தொகைகள் கொடுக்க ஆரம்பித்தது. விலை கொடுத்து வாங்கும் பாடநூலுக்குப் பதில் இலவசப் பொருட்களை வைத்துப் பாடம் நடத்துவேன் என்று சொன்ன ஆசிரியர்களுக்கு அந்தப் பணம் போனது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2014-ல் இதையே மாநில அளவில் செய்தது.

இன்றைக்கு அறிவிப்புகளைப் படித்தால், தலைப்பு எப்படி இருந்தாலும் உள்ளே மூன்று விதமான நோக்கங்கள்தாம் இருக்கும். ஒன்று, மாணவர்களின் பாடநூல் செலவைக் குறைப்பது. இரண்டு, ஒரு பாடத்தை முழுமையாக இணையவழிக்கு மாற்றுவது. மூன்று, இருக்கிற பாடத்தில் ஒரு பகுதியைப் புதிய முறையில் செய்து பார்ப்பது. முதல் வகையில் எத்தனை மாணவர்கள், ஒவ்வொருவரும் என்ன செலவழிக்கிறார்கள் என்ற கணக்குதான் பேசும். இரண்டாவதில் துறையின் கால அட்டவணையும் அனுமதியும் பேசும். மூன்றாவதில் உங்கள் யோசனை பேசும். முதல் வகை நிதிக்கு மூன்றாம் வகை விண்ணப்பத்தைப் போடுகிறவர்கள் ஏராளம். யோசனை நன்றாகவே இருக்கும், குழு விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் தாளில் அதற்குக் கட்டம் இருக்காது.

அறிவிப்போடு மதிப்பெண் தாளும் இணைத்திருப்பார்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அதில் எந்தப் பகுதிக்கு அதிக மதிப்பெண்ணோ அந்தப் பகுதிக்கு விண்ணப்பத்தில் அதிக இடம் ஒதுக்குங்கள். பலரும் பின்னணிக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டு, மதிப்பீட்டுத் திட்டத்துக்கு நான்கு வரி விடுகிறார்கள்.

வலிக்கிற இடத்தைத் தேடுங்கள்

‘என் பாடத்தை இணையவழிக்குக் கொண்டுவர வேண்டும்’ என்பது விருப்பம், அது திட்டமாகாது. திட்டம் ஆக வேண்டுமானால் பாடத்துக்குள் மாணவர் தடுக்கி விழும் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். அந்த இடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒவ்வொரு வருடமும் அலுவல் நேரத்தில் எந்தச் சந்தேகத்தோடு வரிசையாக வருகிறார்கள்? விடைத்தாள் திருத்தும்போது எந்தக் கேள்வியில் உங்கள் சிவப்பு மை தீர்கிறது? கடந்த மூன்று, நான்கு செமஸ்டர் விடைத்தாள்களில் கேள்வி வாரியாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். அரை நாள் வேலைதான். அந்த எண்கள் பின்னால் விண்ணப்பத்திலும் உதவும், இறுதி அறிக்கையிலும் உதவும்.

புள்ளியியல் அறிமுகப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கருதுகோள் சோதனை அலகில் பி-மதிப்பு 0.03 என்று வந்தால், ‘இன்மைக் கருதுகோள் (வித்தியாசம் ஏதும் இல்லை என்ற அனுமானம்) சரியாக இருப்பதற்கான வாய்ப்பு 3 சதவீதம்’ என்று மாணவர்கள் எழுதுவார்கள். தவறு. இன்மைக் கருதுகோள் சரி என்று வைத்துக்கொண்டால், இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு கிடைப்பதற்கான வாய்ப்புதான் அது. இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், வேறு வேறு விஷயங்கள். கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டாலும் தேர்வில் பழைய பதிலே திரும்பி வரும். இப்படி ஓரிடம் இருந்தால், இணையவழிப் பொருளுக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது. மாணவரே தரவைக் கலைத்துப் போட்டு, நூறு முறை, ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கிற ஓர் உருவகப்படுத்தல் (சிமுலேஷன்), கரும்பலகையால் செய்ய முடியாததைச் செய்யும்.

நீங்கள் தேடிய இடத்தில் வகுப்பறை விளக்கமே போதும் என்று தோன்றினால் வேறு இடம் தேடுங்கள். இணையத்தில் வைப்பதற்காகவே வைக்கப்படும் பொருளை மாணவர்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் திறக்கவே மாட்டார்கள்.

எழுதுவதற்கு முன் நான்கு பேரைப் பாருங்கள்

நூலகர் முதலில். நீங்கள் செய்ய நினைப்பதை யாராவது ஏற்கெனவே செய்து, மற்றவர்கள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் வைத்திருக்கலாம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் அறிமுகப் பாடநூல்களை வெளியிட்டு வருகிறது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 1997-ல் தொடங்கிய மெர்லாட் தொகுப்பில் பல துறைகளின் கற்பிக்கும் பொருட்கள் உண்டு. இருப்பதை எடுத்துத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிடக் குறைந்த வேலை. தேடிப் பார்த்தேன், இன்னின்னது கிடைத்தது, இந்தக் காரணத்தால் அது என் மாணவர்களுக்குப் போதவில்லை என்று விண்ணப்பத்தில் ஒரு பத்தி இருந்தால், குழு உங்களை வேறு கண்ணோடு பார்க்கும்.

அடுத்தது பாட வடிவமைப்பாளர். அவருக்கு இந்தச் செமஸ்டரில் எத்தனை திட்டங்கள் கையில் இருக்கின்றன என்று நேரடியாகக் கேளுங்கள். எல்லா விண்ணப்பங்களிலும் அவர் பெயர் இருக்கும், அவரோ ஒருவர்தான். மூன்றாவது, எல்.எம்.எஸ். (பாடப் பொருட்களையும் தேர்வுகளையும் மாணவர்களுக்கு இணையத்தில் தரும் கற்றல் மேலாண்மை அமைப்பு) பார்த்துக்கொள்கிற தொழில்நுட்பப் பிரிவு. நீங்கள் நினைக்கும் கருவி உள்ளே வேலை செய்யுமா, மாணவர் தரவு வெளியே போகுமா, அடுத்த வருடம் வேறு எல்.எம்.எஸ்.க்கு மாறப்போகிறார்களா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நான்காவது உங்கள் துறைத்தலைவர். ஆதரவுக் கடிதம் கேட்கும் அன்று மட்டும் அவரைப் பார்க்காதீர்கள். நிதி கிடைத்த பிறகு இந்தப் பாடத்தை அடுத்த இரண்டு வருடம் உங்களுக்கே ஒதுக்குவாரா என்பதைப் பேசிவிடுங்கள். பொருளைத் தயாரித்த ஆசிரியர் கையில் பாடம் இல்லை, பாடத்தை நடத்துகிறவருக்கு இப்படியொரு பொருள் இருப்பதே தெரியாது என்ற நிலை நான் பார்த்த திட்டங்கள் செத்துப் போவதற்கு முதல் காரணம்.

விண்ணப்பத்தின் மையப் பத்தி

எல்லாப் பக்கங்களையும் எல்லாரும் படிப்பதில்லை. குழுவில் ஒருவர் உங்கள் விண்ணப்பத்தை விரிவாகப் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்வார். அவர் வாயிலிருந்து வர வேண்டிய மூன்று, நான்கு வாக்கியங்களை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடிக்கடி வருகிற பத்தி இப்படி இருக்கும்:

‘இன்றைய மாணவர்கள் தொழில்நுட்பச் சூழலில் வளர்ந்தவர்கள். அவர்களின் கற்றல் திறனை மேம்படுத்தத் தரமான இணையவழிப் பொருட்கள் அவசியம். எனவே இப்பாடத்துக்கு 20 வீடியோக்கள் தயாரிக்கத் திட்டமிட்டுள்ளேன்.’

இதில் தவறாக எதுவும் இல்லை, ஆனால் பிடித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. எந்தப் பாடத்துக்கு வேண்டுமானாலும் பொருந்தும். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘புள்ளியியல் அறிமுகப் பாடத்தின் ஐந்தாம் அலகில், பி-மதிப்பை விளக்கச் சொல்லும் கேள்விக்குப் பெரும்பாலான மாணவர்கள் ஒரே தவறான பதிலை எழுதுகிறார்கள், கடந்த நான்கு செமஸ்டர்களின் கேள்வி வாரிச் சராசரி இணைப்பில் உள்ளது. இந்த ஓர் அலகுக்கு மட்டும் 4 குறுவீடியோக்கள், மாணவர் தாமே ஓட்டிப் பார்க்கும் ஓர் உருவகப்படுத்தல், விளக்கத்தோடு கூடிய 30 பயிற்சிக் கேள்விகள் தயாரிப்பேன். அடுத்த செமஸ்டர் தேர்வில் அதே கேள்வியை வைத்து முடிவை ஒப்பிடுவேன்.’

வீடியோ எண்ணிக்கை இருபதிலிருந்து நான்காகிவிட்டது. குழு அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாது. இந்த ஆசிரியருக்குத் தன் பாடம் தெரியும், முடிக்கக்கூடியதைத்தான் கேட்கிறார் என்றுதான் தோன்றும்.

அந்த மையப் பத்தியைப் பிடித்தபின் மற்ற பகுதிகள் தானே வரும். கற்றல் விளைவுகளை ‘புரிந்துகொள்வார்கள்’, ‘அறிந்துகொள்வார்கள்’ என்று எழுதாதீர்கள், அதை எப்படி அளப்பீர்கள்? ‘பி-மதிப்பைத் தம் சொற்களில் சரியாக விளக்குவார்கள்’, ‘தரப்பட்ட ஆய்வு முடிவில் உள்ள தவறான விளக்கத்தைச் சுட்டிக்காட்டுவார்கள்’ என்று எழுதுங்கள். விளைவை முதலில் எழுதி, அதைச் சோதிக்கும் கேள்வியை அடுத்து எழுதி, அப்புறம்தான் பொருளைத் தீர்மானிக்க வேண்டும். வீடியோவிலிருந்து தொடங்கினால் கேள்வி கடைசியில் ஒட்டுப்போட்டது போல இருக்கும்.

பட்ஜெட்: பணத்தை விட்டுவிட்டு மணி நேரத்தைக் கணக்கிடுங்கள்

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஆறு நிமிட வீடியோ ஒன்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ‘ஒரு மணி நேரம்’ என்று முதல்முறை செய்கிறவர்கள் சொல்வார்கள். என் கைக்கணக்கு இது: ஸ்கிரிப்ட் எழுத 4 மணி, ஸ்லைடு 2 மணி, பதிவு (இருமல், வாசல் மணி எல்லாம் சேர்த்து) 1 மணி, எடிட்டிங் 3 மணி, எழுத்து வசனம் (சப்டைட்டில்) திருத்த 1 மணி, சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்த 1 மணி. ஆக 12 மணி. நான்கு வீடியோவுக்கு 48. பயிற்சிக் கேள்வி ஒவ்வொன்றுக்கும், தவறான தெரிவுகளுக்கு விளக்கம் எழுதுவதையும் சேர்த்து, அரை மணி வைத்தால் 30 கேள்விக்கு 15 மணி. உருவகப்படுத்தலுக்கு 20. மாற்றுத்திறனாளி மாணவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் அணுகல்தன்மைச் சோதனைக்கு 8, பதிப்புரிமை வேலைக்கு 5. மொத்தம் 96 மணி நேரம். இதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், ஏதாவது ஒன்று கட்டாயம் கோணலாகப் போகும். 115 மணிக்கு வந்து நிற்கும்.

இப்போது இந்த 115 மணி எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். வாரத்துக்கு 8 மணி ஒதுக்கினால் 15 வாரம், அதாவது ஒரு முழு செமஸ்டர். ஒரு பாடத்தின் வகுப்புப் பளுவைக் குறைத்தால் ஏறக்குறைய அந்த நேரம் கிடைக்கும். பளுக் குறைப்பும் கூடுதல் ஊதியமும் இரண்டும் தெரிவில் இருந்தால், என்னைக் கேட்டால் பளுக் குறைப்பை எடுங்கள். ஊதியம் வந்து சேரும், நேரம் வராது. இரவிலும் விடுமுறையிலும் செய்வதாக ஒப்புக்கொண்ட வேலை எந்தக் கதிக்கு ஆளாகும் என்று உங்களுக்கே தெரியும்.

பணத்தை வேறு எதில் போடலாம்? மாணவ உதவியாளருக்கு. போன வருடம் அதே பாடத்தைப் படித்துத் திணறி, பின் தேறிய மாணவர் கிடைத்தால் விடாதீர்கள். எங்கே வழுக்கும் என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். எழுத்து வசனம் திருத்துவது, கேள்விகளைச் சோதிப்பது, இணைப்புகள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது எல்லாம் அவருக்குச் சரியான வேலைகள்.

கருவிகளில் ஒரு நல்ல மைக் மட்டும் போதும். படம் சற்று மங்கலாக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார், குரல் இரைந்தாலோ எதிரொலித்தாலோ மூடிவிடுவார். மென்பொருளைப் பொறுத்தவரை, வருடா வருடம் சந்தா கட்ட வேண்டியதை இந்த நிதியில் வாங்காதீர்கள். நிதி முடிந்த மாதம் சந்தாவும் முடியும், உங்கள் பொருளைத் திறக்கக்கூட முடியாமல் போகும். ஓபிஎஸ் (திரைப் பதிவு), ஆடாசிட்டி (ஒலித் திருத்தம்), எச்5பி (ஊடாடும் கேள்விகள்) போன்ற இலவசக் கருவிகளே இந்த அளவு வேலைக்கு ஏராளம்.

பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு வாக்கியத்தில் காரணம் எழுதுங்கள். ‘இதர செலவு’ என்று ஒரு வரி போட்டால் குழுவின் கை நேராக அங்கேதான் போகும்.

உரிமம்: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

நிதி ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். பொருளின் பதிப்புரிமை உங்களுக்கா, நிறுவனத்துக்கா? வேலை மாறிப் போனால் நீங்கள் அதைக் கொண்டுபோகலாமா? நீங்கள் இல்லாதபோது உங்கள் வீடியோவை வைத்து வேறொருவர் பாடம் நடத்தலாமா? கடைசிக் கேள்விதான் சங்கடமானது, அதனால்தான் யாரும் கேட்பதில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று பல நிதியுதவிகள் நிபந்தனை வைக்கின்றன. இதற்குப் பொதுவாகப் பயன்படும் ஆயத்த உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன, இன்று ஆறு வகை இருக்கின்றன. எல்லாவற்றிலும் தாராளமானது ‘பெயர் குறிப்பிடுக’ என்பது: உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எப்படியும் பயன்படுத்தலாம். ‘வழித்தோன்றல் கூடாது’ என்ற நிபந்தனையைச் சேர்த்தால் உங்கள் பொருளை மொழிபெயர்த்தோ திருத்தியோ வெளியிட முடியாது. கற்பிக்கும் பொருளுக்கு அது உதவாத நிபந்தனை. இன்னொரு ஆசிரியர் தன் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளத்தானே இதெல்லாம்.

மற்றவர்களின் பொருளைக் கலக்கும்போதுதான் சிக்கல். ‘அதே உரிமத்தில் பகிர்க’ என்ற நிபந்தனை உள்ள ஒரு பொருளையும், ‘வணிகத்துக்கு அல்லாத, அதே உரிமத்தில் பகிர்க’ என்ற நிபந்தனை உள்ள இன்னொன்றையும் ஒரே பொருளாகப் பிசைய முடியாது. ஒவ்வொன்றும் தன் உரிமத்தையே முழுப் பொருளுக்கும் கேட்கும். இதைக் கடைசியில் கண்டுபிடித்தால் பாதி அத்தியாயத்தைப் பிய்த்து எழுத வேண்டிவரும். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு விரிதாள் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் படம், எங்கிருந்து, யார் உருவாக்கியது, என்ன உரிமம், எந்தப் பக்கத்தில் சேர்த்தேன். தேடுபொறியில் கிடைத்த படத்தை வகுப்பறை ஸ்லைடில் போட்டுப் பழகிய கை எளிதில் திருந்தாது, விரிதாள்தான் திருத்தும்.

தயாரிப்பு: ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்தது

நிதி கிடைத்ததும் நான்கு ஸ்கிரிப்டையும் எழுதி, நான்கையும் பதிவு செய்து, நான்கையும் எடிட் செய்யலாம் என்றுதான் மனம் சொல்லும். வேண்டாம். முதல் வீடியோவை, அதற்கான கேள்விகளோடு, எழுத்து வசனத்தோடு, எல்.எம்.எஸ்.ஸில் ஏற்றி, மூன்று மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் பார்ப்பதை அருகில் உட்கார்ந்து கவனியுங்கள். எங்கே நிறுத்தினார்கள், எங்கே பின்னால் போனார்கள், எந்த வார்த்தையில் நெற்றி சுருங்கியது? நீங்கள் வாயைத் திறந்து விளக்கக் கூடாது, அது மட்டும்தான் விதி. இதிலிருந்து கிடைப்பதை வைத்து மற்ற மூன்றையும் செய்யலாம்.

வீடியோ நீளத்துக்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அதற்காக ஒரு மணி நேர விரிவுரையைப் பத்துத் துண்டாக வெட்டிப் போடக் கூடாது. ஒரு வீடியோவில் ஒரு கேள்விக்குத்தான் பதில். கேள்வியே தலைப்பு.

அப்புறம், திரையில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே வாசிக்காதீர்கள். ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் சோதித்துச் சொன்ன விஷயம் இது: படம் ஓடும்போது பேச்சும் அதே பேச்சின் எழுத்தும் சேர்ந்து வந்தால் கற்பவரின் கவனம் சிதறுகிறது. திரையில் படம், வரைபடம், முக்கியச் சொல் மட்டும் இருக்கட்டும். விளக்கம் உங்கள் குரலில் வரட்டும். முழு எழுத்து வசனம் வேண்டியவர் போட்டுப் பார்த்துக்கொள்ள வசதி இருந்தால் போதும், திரையில் நிரந்தரமாக ஒட்ட வேண்டியதில்லை.

உருவகப்படுத்தலை ஒரு பக்கத்திலேயே முடியுங்கள். இரண்டு குழுக்களின் தேர்வு மதிப்பெண்கள், ‘கலைத்துப் போடு’ என்று ஒரு பொத்தான், ஒவ்வொரு கலைப்புக்கும் ஒரு புள்ளி விழுந்து குவியும் வரைபடம், அவ்வளவுதான். உண்மையில் கிடைத்த வித்தியாசம் எங்கே நிற்கிறது என்று ஒரு செங்குத்துக் கோடு. அதைத் தாண்டிப் போன புள்ளிகளை மாணவர் எண்ணட்டும். நூறில் மூன்று என்று எண்ணி முடிக்கும்போது, அந்த மூன்று எதன் சதவீதம் என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. கலைத்துப் போட்டது குழுக்களுக்கிடையே வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் என்பதை மட்டும் ஒரு கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்.

அணுகல்தன்மையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்

இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு 2023-ல் வந்தது. 2018-ல் வந்த 2.1 பதிப்பும் பல இடங்களில் இன்னும் அளவுகோலாக இருக்கிறது. உங்கள் நிறுவனம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். பொதுவாக எதிர்பார்ப்பது ‘ஏஏ’ நிலை, மூன்று நிலைகளில் நடுவிலுள்ளது. அதில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு இருக்க வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளையில் போடும் அழகான ஸ்லைடு வார்ப்புருக்கள் இந்தச் சோதனையில் விழுந்துவிடும்.

படங்களுக்கு மாற்று உரை எழுதுவதுதான் உண்மையான வேலை. மணி வடிவ வளைகோடு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். மாற்று உரையில் ‘வரைபடம்’ என்று எழுதினால் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் ‘வரைபடம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும், பார்வையற்ற மாணவருக்கு எதுவும் கிடைக்காது. ‘மணி வடிவ இயல்நிலைப் பரவல் வளைகோடு. வலது ஓரத்தில் 1.96-க்கு அப்பாலுள்ள பகுதி நிழலிடப்பட்டுள்ளது, அதன் பரப்பு 0.025’ என்று எழுதினால், பார்ப்பவருக்குக் கிடைத்தது கேட்பவருக்கும் கிடைக்கும். எழுதி முடித்ததும் உங்களுக்கே ஒன்று தெரியவரும்: சில படங்களுக்குச் சொல்ல எதுவுமே இருக்காது. அவை அலங்காரம். எடுத்துவிடலாம்.

சூத்திரங்களைப் படமாக ஒட்டாதீர்கள், மேத்எம்எல் என்ற கணிதக் குறியீட்டு மொழி வழியாகப் போடுங்கள். ‘சிவப்பு நிறத்தில் உள்ளவற்றைப் பார்க்கவும்’ என்று நிறத்தை மட்டும் வைத்து எதையும் சுட்டாதீர்கள். உருவகப்படுத்தலைச் சுட்டி இல்லாமல், விசைப்பலகையால் மட்டும் இயக்கிப் பாருங்கள். தானியங்கி எழுத்து வசனம் சாதாரணப் பேச்சை ஓரளவு நன்றாகவே பிடிக்கும். கலைச்சொற்களில்தான் கவிழும், கலைச்சொற்கள்தான் உங்கள் பாடமே. ஆகவே ஒரு மனிதர் ஒருமுறை படித்துத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

வகுப்பில் ஓட்டுவது, அளப்பது

செமஸ்டர் நடுவில் புதிய பொருளை நுழைக்க வேண்டாம். தொடக்கத்திலேயே பாடத்திட்டத் தாளில் இடம் கொடுங்கள். பார்த்தால் நல்லது என்று விட்டால் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள் மட்டும் பார்ப்பார்கள். பயிற்சிக் கேள்விகளுக்கு உள்மதிப்பீட்டில் மிகச் சிறிய மதிப்பெண் வைத்தால் போதும், எல்லாரும் வருவார்கள்.

அளப்பதற்குப் பெரிய ஆய்வு வடிவமைப்பு தேவையில்லை. ஆனால் ‘வீடியோ உங்களுக்குப் பயன்பட்டதா?’ என்ற கேள்விக்கு மாணவர்கள் பெரும்பாலும் ‘ஆம்’ என்றே சொல்வார்கள். அதை மட்டும் வைத்து எழுதிய அறிக்கையைக் குழு நம்பாது. விண்ணப்பத்தில் சொன்னபடி அதே கேள்வியை அதே மதிப்பெண் முறையில் வைத்து, பழைய செமஸ்டர்களோடு ஒப்பிடுங்கள். விடைத்தாள்களை எந்தச் செமஸ்டர் என்று தெரியாமல் கலந்து, சக ஆசிரியர் ஒருவரைத் திருத்தச் சொன்னால் இன்னும் நல்லது. பாடநூல் செலவு சார்ந்த நிதி என்றால் செலவு, கற்றல் விளைவு, பயன்பாடு, மாணவர் கருத்து என்ற நான்கையும் பார்ப்பது வழக்கம்.

இந்த முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட நினைத்தால், தரவு சேகரிக்கும் முன்பே நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். சேகரித்த பிறகு கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. உங்கள் மாணவர்கள் உங்களிடம் மதிப்பெண் வாங்குகிறவர்கள் என்பதால், ஒப்புதல் படிவத்தை வேறொருவர் வாங்குவதுதான் முறை.

எண்கள் நகரவில்லை என்றால்? அப்படியே எழுதுங்கள். மாணவர்கள் உருவகப்படுத்தலை ஓட்டினார்கள், புள்ளிகளை எண்ணினார்கள், ஆனாலும் தேர்வில் பழைய விளக்கத்தையே எழுதினார்கள் என்றால், எந்தப் படியில் விட்டார்கள் என்று பயிற்சிக் கேள்விகளின் பதில்கள் காட்டும். அதோடு அடுத்து என்ன மாற்றப்போகிறீர்கள் என்று எழுதினால், அது மழுப்பலான வெற்றிக் கதையைவிட நல்ல அறிக்கை.

இறுதி அறிக்கைக்குப் பிறகு

அறிக்கையை விண்ணப்பத்தின் வரிசையிலேயே எழுதுங்கள்: சொன்னது இது, செய்தது இது, மாறியது இது, ஏன். செலவுக் கணக்கில் மணி நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த வருடம் விண்ணப்பிக்கப்போகும் சக ஆசிரியருக்கு உங்கள் மணிக்கணக்கு மற்ற எதையும்விட உதவும்.

பொருள் எல்.எம்.எஸ்.ஸுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தால், பாடம் காப்பகத்துக்குப் போகும் நாளில் அதுவும் சேர்ந்து போகும். இறுதி வடிவத்தோடு திருத்தக்கூடிய மூலக் கோப்புகளையும் (ஸ்லைடு, ஸ்கிரிப்ட், எழுத்து வசனக் கோப்பு, கேள்வி வங்கி, உருவகப்படுத்தலின் நிரல்) நிறுவனக் களஞ்சியத்தில் வையுங்கள். களஞ்சியம் இல்லையென்றால், ஐரோப்பிய அணு ஆய்வு அமைப்பான செர்ன் நடத்தும் செனோடோவில் போடலாம். நிலையான அடையாள எண் கிடைக்கும், பதவி உயர்வுக் கோப்பில் அதைக் காட்டவும் முடியும். முகப்பில் உரிமம், தேதி, எந்த நிதியில் செய்தது என்பதைக் குறிப்பிடுங்கள். நிதி கொடுத்தவர்கள் சொல்லிக்கொடுத்த வாசகம் இருந்தால் அதை எழுத்து மாறாமல் போடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கும் முன்பும் ஒரு மதிய வேளையை இதற்கு ஒதுக்குங்கள். இணைப்புகளைச் சொடுக்கிப் பாருங்கள், போன முறை அதிகம் பேர் தவறவிட்ட ஐந்து கேள்விகளைத் திருத்துங்கள், உருவகப்படுத்தல் புதிய உலாவியில் ஓடுகிறதா என்று பாருங்கள். வீடியோவைத் தொட வேண்டியிருக்காது, அதில் தேதியையும் தேர்வு எண்ணையும் ‘போன வாரம் பார்த்தோமே’ என்ற பேச்சையும் சேர்க்காமல் பதிவு செய்திருந்தால்.